கேட்கப்படாத சாட்சிகள்: அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களும் வரலாற்றின் மறுவிசாரணையும்

சோழ மன்னர்தம் கல்வெட்டுகளைப் படிக்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது மெய்க்கீர்த்தியை. மன்னன் வென்ற நாடுகளும் கொண்ட பட்டங்களும் அங்கு வரிசையாக வரும். தோல்விகள் வாரா, தோற்றவர் கூற்றும் வாராது. மெய்க்கீர்த்தி பொய்யன்று. ஆயினும் அது முழு மெய்யும் அன்று. அதே கோயிற் சுவரின் வேறொரு மூலையில் நில விற்பனையையும் வரிச் சுமையையும் ஊர்ச்சபையின் வழக்குகளையும் கூறும் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றையும் சேர்த்துப் படித்த பின்னரே சோழர் வரலாறு முழுமையை நோக்கி நடந்தது.

மன்னரே வேண்டாம் என்று ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த நாடு அமெரிக்கா. ஆனால் அந்நாட்டிலும் ஒருவகை மெய்க்கீர்த்தி வளர்ந்தது. தெற்கு டக்கோடா மாநிலத்து ரஷ்மோர் மலையில் வாஷிங்டன், ஜெபர்சன், தியோடர் ரூஸ்வெல்ட், லிங்கன் என்னும் நால்வர் முகங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 அடி உயரத்தில் செதுக்கப்பட்டுள்ளன. 1941இல் நிறைவுற்ற அச்சிற்பம், லக்கோட்டா பழங்குடி மக்கள் புனிதமாகப் போற்றிய கருங்குன்றுகளில் நிற்கிறது. அம்மக்களிடமிருந்து அந்நிலம் முறைகேடாகப் பறிக்கப்பட்டது என்றும் அதற்கு இழப்பீடு தரவேண்டும் என்றும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. முகங்களைப் படைத்த கல்லிலேயே மறுப்பும் அடங்கியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1948ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர், அறிஞர் 55 பேரை அணுகித் தம் நாட்டுத் தலைவர்களைத் தரவரிசைப்படுத்தச் செய்தார். ‘லைஃப்’ இதழில் அது வெளியாயிற்று. லிங்கன் முதலிடம் பெற்றார், உட்ரோ வில்சன் நான்காவது, ஜெபர்சன் ஐந்தாவது, ஆண்ட்ரு ஜாக்சன் ஆறாவது. உள்நாட்டுப் போரில் வென்ற தளபதியான யுலிசிஸ் கிராண்ட், 29 பேருள் 28ஆம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். 2021இல் சி-ஸ்பான் என்னும் தொலைக்காட்சி நிறுவனம் வரலாற்றறிஞரிடம் இதே போன்ற கருத்துக் கணிப்பை நடத்தியது. அக்கணிப்பில் தலைவர்கள் 44 பேர். லிங்கன் முதலிடத்திலேயே இருந்தார். வில்சன் 13ஆம் இடத்திற்கும் ஜாக்சன் 22ஆம் இடத்திற்கும் இறங்கினர். கிராண்ட் 20ஆம் இடத்திற்கு ஏறினார்.

இவர்கள் அனைவரும் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. மறைந்தோர் புதிதாக நன்மையும் செய்யார், தீமையும் செய்யார். அவ்வாறாயின் மாறியது எது? ஒரு சாரார், காலத்தின் பாணி மாறிற்று என்பர். மற்றொரு சாரார், நாட்டின் முன்னோரைத் தூற்றுவது புதுமோகமாகிவிட்டது என்பர். உண்மை இவ்விரண்டிலும் இல்லை என்பதே என் கருத்து. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் ஏற்றுத் தீர்ப்பளித்த பாண்டியன், கண்ணகி அவைக்கு வந்து சிலம்பை உடைத்துக் காட்டிய பின்னரே தான் கேளாது விட்டது எது என உணர்ந்தான். அமெரிக்காவில் நிகழ்ந்ததும் அத்தகைய மறுவிசாரணையே. சாட்சிகள் புதியவர்கள் அல்லர். அவர்கள் தொடக்கம் முதலே பேசிக்கொண்டுதான் இருந்தனர். அவையினர் செவிசாய்த்தது மட்டுமே பிற்காலத்தது. மூன்று தலைவர்களின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

ஜெபர்சன்: வீட்டினுள் இருந்த சாட்சி

எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்னும் கொள்கையை 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தில் பொறித்தவர் தாமஸ் ஜெபர்சன். அவரே தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார். உயிருடன் இருந்தபோது இருவரையும், உயில் மூலம் ஐவரையும் மட்டுமே அவர் சட்டப்படி விடுவித்தார். 1826 ஜூலை 4ஆம் நாள், பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று அவர் மறைந்தார். கடன் மிகுந்திருந்தமையால் 1827 ஜனவரியில் வர்ஜீனியாவிலுள்ள அவருடைய மான்டிசெல்லோ மாளிகையில் ஏலம் நடந்தது. விற்பனைக்கென விளம்பரப்படுத்தப்பட்டோர் 130 பேர்.

இவ்வளவும் முன்பே அறியப்பட்ட செய்திகள்தாம். வழக்கு எழுந்தது வேறொரு செய்தியால். ஜெபர்சனின் மனைவி மார்த்தா 1782இல் இறந்தார். மார்த்தாவின் தந்தைக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்த மகள் சாலி ஹெமிங்ஸ். அதாவது, மனைவிக்கு மாற்றாந்தாய் வழித் தங்கை. 1787இல், தம் பதினான்காம் வயதில், பாரிசில் தூதராயிருந்த ஜெபர்சனின் இளைய மகளுக்குத் துணையாக சாலி அங்கு அனுப்பப்பட்டார். சாலிக்குப் பிறந்த மக்களின் தந்தை ஜெபர்சனே என்று 1802இல் ஜேம்ஸ் காலெண்டர் என்னும் பத்திரிகையாளர் ரிச்மண்ட் நகரத்து ஏட்டில் எழுதினார். காலெண்டர் பதவி கேட்டுக் கிடைக்காத சினத்தில் இருந்தவர். எனவே அது பகைவன் கூற்று என்று ஒதுக்கப்பட்டது. அது ஒருவாறு நேர்மையான ஐயமே.

ஆனால் 1873இல் வந்தது பகைவன் கூற்றன்று. ஒகையோ மாநிலத்தில் தச்சுத் தொழில் செய்து வாழ்ந்த மாடிசன் ஹெமிங்ஸ் என்னும் முதியவர், உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றுக்குத் தம் வாழ்க்கையைக் கூறினார். தாம் சாலியின் மகன் என்றும், தம் தந்தை ஜெபர்சன் என்றும் அமைதியாகச் சொன்னார். பாரிசில் இருந்தவரை பிரெஞ்சுச் சட்டப்படி தம் தாய் விடுதலை பெற்றிருக்கக்கூடும் என்றும், பிறக்கும் பிள்ளைகளை 21ஆம் வயதில் விடுவிப்பதாக ஜெபர்சன் வாக்களித்த பின்னரே அவர் நாடு திரும்ப இசைந்தார் என்றும் விளக்கினார். அவர் சொல்லுக்கும் நடந்தவற்றுக்கும் பொருத்தம் இருந்தது. சாலியின் மக்களுள் வளர்ந்து ஆளானோர் நால்வர். பெவர்லி, ஹேரியட் இருவரும் 1822இல் மான்டிசெல்லோவை விட்டு வெளியேறினர்; எவரும் அவர்களைத் தேடிப் பிடிக்கவில்லை. மாடிசனும் எஸ்டனும் உயில் மூலம் விடுதலை பெற்றனர். ஒரு தாயின் மக்கள் அனைவரும் விடுபட்டது அப்பண்ணையில் இக்குடும்பம் ஒன்றே.

இதற்கு மறுப்பாக ஜெபர்சனின் பேரப்பிள்ளைகள் கூறியவை தனிக் கடிதங்களில் உள்ளன. தம் பாட்டனார் குற்றமற்றவர் என்றும், அவருடைய சகோதரி மக்களுள் ஒருவரே அக்குழந்தைகளின் தந்தை என்றும் அவர்கள் கூறினர். பேரன் சுட்டியது பீட்டர் கார் என்பவரை. பேத்தி சுட்டியது அவர் உடன்பிறந்த சாமுவேல் கார் என்பவரை. ஒரே வீட்டில் வளர்ந்த இருவர் இரு வேறு பெயர்களைக் கூறினர். எனினும் ஒரு நூற்றாண்டுக் காலம் பெரும்பாலான வரலாற்றாசிரியர் பேரப்பிள்ளைகளின் சொல்லையே ஏற்றனர். மாடிசனின் சொல்லை, அடிமையாயிருந்தவரின் பெருமைப் பேச்சு என்றும் அரசியல் ஏடு புனைந்தது என்றும் தள்ளினர். ஆறு தொகுதிகளில் ஜெபர்சனின் வாழ்க்கையை எழுதி 1975இல் புலிட்சர் பரிசு பெற்ற டூமாஸ் மலோன் இக்கூற்றை முற்றாக மறுத்தார். ஆனால் அவருடைய பேருழைப்பே அவர் கருத்துக்கு எதிராக நின்றது. ஜெபர்சன் எந்த நாளில் எந்த ஊரில் இருந்தார் என்று மலோன் வகுத்த காலக்குறிப்பைக் கொண்டு, 1968இல் வின்த்ராப் ஜோர்டன் என்னும் அறிஞர் ஒன்றைச் சுட்டினார். சாலி கருவுற்றிருக்கக்கூடிய ஒவ்வொரு காலத்திலும் ஜெபர்சன் மான்டிசெல்லோவில் இருந்தார் என்பதே அது.

1974இல் ஃபான் பிரோடி என்னும் வரலாற்றாசிரியை இவ்வுறவை மையமாக வைத்து ஜெபர்சனின் வாழ்க்கையை எழுதினார். நூல் பெருமளவில் விற்றது. கண்டனமும் அதற்கேற்ப எழுந்தது. 1997இல் சட்டப் பேராசிரியர் ஆனெட் கார்டன்-ரீட் இவ்வழக்கை வழக்கறிஞரின் கண்கொண்டு ஆராய்ந்தார். ஜெபர்சன் தந்தையா என்ற கேள்வியைக் காட்டிலும், வரலாற்றாசிரியர் சாட்சிகளை எவ்வாறு நடத்தினர் என்ற கேள்வியையே அவர் முன்வைத்தார். உடைமையாளரின் குடும்பச் சொல்லுக்குக் குறுக்கு விசாரணை இல்லை. அடிமையின் சொல்லுக்கோ விசாரணைக்கு முன்பே தள்ளுபடி. இதுவே அவர் எடுத்துக்காட்டிய அநீதி.

அடுத்த ஆண்டே, 1998 நவம்பரில், மரபணு ஆய்வின் முடிவு ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் ஒய் குரோமோசோம், எஸ்டன் ஹெமிங்சின் வழித்தோன்றலிடமும் ஜெபர்சன் குலத்து வழித்தோன்றல்களிடமும் ஒத்திருந்தது. கார் குடும்பத்தினருடையது ஒத்துவரவில்லை. பேரப்பிள்ளைகளின் கூற்று எஸ்டனைப் பொறுத்தவரை வீழ்ந்தது. இச்சோதனை ஜெபர்சன் குலத்து ஆண் ஒருவரைச் சுட்டுமேயன்றித் தாமசையே தனியாகச் சுட்டாது என்பதும் உண்மை. ஆகவே பிற சான்றுகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த மான்டிசெல்லோ அறக்கட்டளை, சாலியின் மக்கள் அனைவருக்கும் ஜெபர்சனே தந்தையாக இருத்தல் பெரிதும் கூடும் என 2000இல் முடிவு கூறியது. 2001இல் வேறொரு அறிஞர் குழுவின் பெரும்பான்மையினர் இதனை ஏற்க மறுத்து, ஜெபர்சனின் தம்பி ராண்டால்ஃபைச் சுட்டினர். விவாதம் முற்றாக ஓயவில்லை. ஆயினும் அறிஞருலகின் பெரும்பகுதி மாடிசனின் பக்கமே நின்றது. கார்டன்-ரீட் எழுதிய ஹெமிங்ஸ் குடும்ப வரலாறு 2009இல் புலிட்சர் பரிசு பெற்றது. 2018இல் மான்டிசெல்லோவிலேயே சாலிக்கென ஒரு காட்சியறை திறக்கப்பட்டது.

இதனை ஒரு காதற்கதையாகக் கொள்வோரும் உளர். அது பொருந்தாது. ஒருவர் உடைமையாளர், மற்றவர் மறுக்கும் உரிமையற்ற இளம்பெண். சாலி தம் கையால் எழுதிய வரி ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் மனத்தைப் பற்றி நாம் உறுதியாகச் சொல்லத்தக்கது, தம் மக்களின் விடுதலைக்கு அவர் விலை பேசினார் என்று மகன் கூறிய ஒன்றே.

கிராண்ட்: பதின்மூன்று தொகுதிகள்

மறுவிசாரணை என்றாலே தலைவர்களைத் தாழ்த்துவது என்று கருதுவோர்க்கு கிராண்டின் வரலாறு தக்க விடையாகும். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், தோற்ற தென்மாநிலங்களை மீண்டும் ஒன்றியத்தில் சேர்த்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை அளிக்க முயன்ற காலத்தைப் புனரமைப்புக் காலம் என்பர். 1869 முதல் 1877 வரை குடியரசுத் தலைவராயிருந்தவர் கிராண்ட்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவரும் இக்காலத்தைப் பற்றி எழுதியவை பாடநூல்களாயின. அவர்கள் கூற்றுப்படி, கறுப்பின மக்கள் வாக்குரிமைக்குத் தகுதியற்றவர். அவர்களுக்கு அதை அளித்தது பெருங்கேடு. கிராண்ட் ஊழல் ஆட்சியின் தலைவர். வெள்ளையர் ஆட்சி மீண்டதே நாட்டிற்கு மீட்சி. 1915இல் வந்த ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்னும் ஊமைப்படம் இதே கதையை, கு கிளக்ஸ் கிளான் என்னும் கொலைக் கூட்டத்தை வீரராகக் காட்டிப் பரப்பியது. உட்ரோ வில்சனின் காலத்தில் வெள்ளை மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது.

ஆனால் அப்போதே நூலகங்களில் வேறொரு சாட்சியம் கிடந்தது. கிளான் கூட்டத்தின் அட்டூழியங்களை விசாரிக்க அமெரிக்கக் காங்கிரஸ் 1871இல் ஒரு கூட்டுக் குழுவை அமைத்தது. தென்மாநிலங்களில் அமர்வுகள் நடத்தி, கசையடி பட்டவர், வீடிழந்தவர், கணவனை இழந்தவர் எனப் பலரையும் அக்குழு விசாரித்தது. சாட்சி சொன்னோருள் கறுப்பின ஆண்களும் பெண்களும் பலர். அந்த அறிக்கை 1872இல் 13 தொகுதிகளாக வெளிவந்தது. கிராண்ட் அவ்வன்முறையைச் சட்டத்தால் எதிர்கொண்டார். 1870இல் உருவான நீதித் துறையைக் கொண்டு வழக்குகள் தொடுக்கச் செய்தார். 1871 அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்துப் படைகொண்டு கைது செய்வித்தார். அன்றைய கிளான் அமைப்பு அதனால் நொறுங்கிற்று.

இத்தொகுதிகளை டன்னிங் வழியினர் அறியாதவரல்லர். ஆனால் அச்சாட்சிகளுக்கு உரிய மதிப்பை அவர்கள் அளிக்கவில்லை. கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் 1909இலேயே அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் மாநாட்டில் புனரமைப்பின் நற்பயன்களைக் குறித்துக் கட்டுரை படித்தார். பொதுப் பள்ளிகள் அக்காலத்தில்தான் தெற்கில் பரவின என்று எடுத்துக்காட்டினார். 1935இல் இப்பொருள் பற்றிய பெருநூலை வெளியிட்டு, அதன் இறுதி இயலில் வரலாற்றாசிரியர்களே பிரசாரகரானதைச் சாடினார். அக்கழகத்தின் இதழ் அந்நூலுக்கு அப்போது மதிப்புரையே வெளியிடவில்லை. 1960களில் குடியுரிமைப் போராட்டம் நாட்டை உலுக்கிய பின்னர்தான் கென்னத் ஸ்டாம்ப், அவருக்குப் பின் எரிக் ஃபோனர் முதலியோரின் நூல்களால் டூ பாய்சின் வழி பொதுவழியாயிற்று. கிராண்டின் பெயர் உயர்ந்தது அதன் விளைவே. 2017இல் ரான் செர்னோ எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு அதனைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது.

உயர்ந்தது என்பதால் அவர் குறையற்றவராகிவிடவில்லை. விஸ்கி வரி ஊழலில் அவர் அணுக்கர் சிக்கியது உண்மை. 1875இல் மிசிசிப்பியில் வன்முறை வெடித்தபோது படை அனுப்பத் தயங்கியதும் உண்மை. முன்னர்க் குறித்த கருங்குன்றுகளுக்காக லக்கோட்டா மக்கள்மீது போர் மூண்டதும் அவர் ஆட்சியிலேயே. ஒரு சாட்சியைக் கேட்டு உயர்த்திய அவையே இன்னொரு சாட்சியைக் கேட்டுக் குறையும் காண்கிறது.

லிங்கன்: டக்ளசின் துலாக்கோல்

நம் பிள்ளைகளும் பள்ளியில் படிக்கும் பெயர் ஆபிரகாம் லிங்கன். அடிமைத்தளையை அறுத்த அண்ணல் என்றே அவரை அறிவோம். 1968இல் ‘எபனி’ என்னும் கறுப்பின மக்களின் இதழில் லெரோன் பென்னட் ஒரு வினாவை எழுப்பினார்: லிங்கன் வெள்ளையர் மேலாண்மையை ஏற்றவரா? அவர் காட்டிய சான்றுகள் எவையும் புனைந்தவை அல்ல. 1858ஆம் ஆண்டுத் தேர்தல் விவாதத்தில், கறுப்பினத்தார்க்கு வாக்குரிமையும் சமூகச் சமத்துவமும் வழங்கத் தாம் விரும்பவில்லை என்று லிங்கன் கூறினார். 1862 ஆகஸ்டில் கறுப்பினப் பிரதிநிதிகள் ஐவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, அவர்கள் இனத்தார் மத்திய அமெரிக்காவில் குடியேறுவது நலம் என்று வற்புறுத்தினார். 1863 ஜனவரி 1ஆம் நாள் விடுதலைப் பிரகடனம், கலகம் செய்த பகுதிகளுக்கே பொருந்தியது. ஒன்றியத்தோடு நின்ற எல்லை மாநிலங்களின் அடிமைகளை அது தொடவில்லை. இவற்றை விரித்து பென்னட் 2000இல் பெருநூலும் எழுதினார்.

எதிர்வாதம் வலுவாகவே எழுந்தது. எல்லை மாநிலங்கள் பிரிந்து போயிருந்தால் போரே தோற்றிருக்கும். அரசியல் சட்டம் அவருக்கு அளித்த அதிகாரம் போர்க்கால அதிகாரம் மட்டுமே. நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழிக்கும் 13ஆம் சட்டத் திருத்தத்தைக் காங்கிரசில் நிறைவேற்ற அவரே முனைந்து நின்றார். இவ்வாறு ஜேம்ஸ் மக்ஃபெர்சன், ஆலன் குவெல்சோ முதலியோர் வாதிட்டனர். இன்னொரு சாரார், லிங்கனைப் பற்றிய கேள்வியையே அகலப்படுத்தினர். 1861 மே மாதத்திலேயே அடிமைகள் தம் பண்ணைகளை விட்டு ஒன்றியப் படைகளின் கோட்டைக்குத் தப்பி வந்து, விடுதலையைத் தவிர்க்க முடியாத கேள்வியாக்கினர். பின்னர் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர் படையில் சேர்ந்தனர். விடுதலையை ஒருவர் கொடுக்க மற்றவர் பெற்றனர் என்பதே தவறு என்றனர்.

இத்தனை வாதங்களுக்கும் முன்பே, இரு தட்டையும் ஒரு கையில் பிடித்து நிறுத்தவர் ஒருவர் உண்டு. அடிமையாய்ப் பிறந்து தப்பியோடிப் பெரும் பேச்சாளராய் உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் அவர். லிங்கனை நேரில் சந்தித்தவர். அவரைக் கடுமையாகக் கண்டித்தவர். அவர் மறைவுக்கு வருந்தியவர். விடுதலை பெற்ற மக்கள் தம் சிறு காசுகளைச் சேர்த்து வாஷிங்டனில் எழுப்பிய நினைவுச்சின்னம் 1876 ஏப்ரல் 14ஆம் நாள், லிங்கன் சுடப்பட்ட அதே நாளில், திறக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையில் டக்ளஸ் உரையாற்றினார். லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் தலைவர். நாங்கள் அவருக்கு மாற்றாந்தாய் மக்கள் போன்றவரே என்னும் கருத்தை அவர் தயங்காது சொன்னார். அடிமை ஒழிப்பாளர் நின்ற இடத்திலிருந்து நோக்கினால் லிங்கன் மெத்தனமானவராகவும் குளிர்ந்தவராகவும் தோன்றுவார். தம் நாட்டு மக்களின் மனநிலையோடு ஒப்பிட்டு நோக்கினால் விரைந்தவராகவும் உறுதி வாய்ந்தவராகவும் விளங்குவார் என்று எடை போட்டார். பின்வந்தோர் எழுதிய நூல்கள் பலவும் இவ்விரு தட்டுகளுள் ஒன்றையே பற்றிக்கொண்டு நின்றன. டக்ளஸ் இரண்டையும் விடவில்லை.

காலத்தின் அளவுகோல்

இத்தகைய ஆய்வுகளுக்கு எதிராக ஒரு வாதம் தவறாமல் எழும். அன்றைய மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. ஒவ்வொரு காலத்திற்கும் அதற்குரிய இருள் உண்டு. நம் காலத்தின் இருளை நம் பேரர் காண்பர். ஆயினும் அன்றைய அளவுகோல் என்பது யாருடைய அளவுகோல் என்று கேட்டாக வேண்டும்.

1791இல் பெஞ்சமின் பானக்கர் என்னும் கறுப்பினக் கணித அறிஞர் தாம் கணித்த பஞ்சாங்கத்தோடு ஜெபர்சனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சமத்துவத்தைப் பிரகடனம் செய்த கையே எம் உடன்பிறந்தாரை அடிமைகளாக வைத்திருக்கலாமோ என்பது அதன் சாரம். 1814இல் எட்வர்டு கோல்ஸ் என்னும் வர்ஜீனிய இளைஞர், அடிமை ஒழிப்புக்குத் தலைமை ஏற்குமாறு ஜெபர்சனை வேண்டினார். அது இளையோர் செய்ய வேண்டிய பணி என்று முதியவர் விலகினார். கோல்ஸ் 1819இல் தம் அடிமைகளை விடுவித்து, அவர்களுக்கு நிலமும் அளித்தார். பின்னர் இல்லினாய் மாநிலத்தின் ஆளுநருமானார். இவர்கள் இருவரும் ஜெபர்சனின் காலத்தவர் அல்லரா?

ஜாக்சனின் வழக்கும் இத்தகையதே. பழங்குடி மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றும் சட்டத்தை அவர் 1830இல் நிறைவேற்றினார். அதன் விளைவாக 1838-39இல் சுமார் 16,000 செரோக்கி மக்கள் பெயர்க்கப்பட்டு, வழியிலும் முகாம்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பர். 1945இல் இளைய ஷ்லெசிங்கர் எழுதிப் பரிசு பெற்ற ஜாக்சன் கால வரலாற்றில் இப்பெருந்துயருக்கு ஏறக்குறைய இடமே இல்லை. ஆனால் 1830இல் மக்கள் பிரதிநிதிகள் சபையில் அச்சட்டம் 102க்கு 97 என்னும் வாக்குகளிலேயே தேறியது. அந்த 97 பேரும் அக்காலத்தவரே. செரோக்கி மக்களும் தம் மொழியில் ஏடு நடத்தி, மனு எழுதி, உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடியவரே.

வில்சனின் காலத்தும் அவ்வாறே. அரசு அலுவலகங்களில் நிறவேற்றுமை புகுத்தப்பட்டதை எதிர்த்து, பாஸ்டன் நகர ஏட்டாசிரியர் மன்ரோ டிராட்டர் 1914இல் வெள்ளை மாளிகையில் அவரை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். ஆகவே ‘அன்று எவருக்கும் தோன்றவில்லை’ என்பது பல வேளைகளில், ‘தோன்றியவர் சொல்லை நாம் பதிவில் சேர்க்கவில்லை’ என்பதன் மறுபெயரே.

சிலைகளும் பெயர்களும்

இவ்வாராய்ச்சிகள் நூலகத்தோடு நின்றிருந்தால் இத்துணைச் சினம் எழுந்திராது. 2020இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் பொதுத்துறைக் கல்லூரிக்கு இட்டிருந்த வில்சனின் பெயரை நீக்கியது. 2021இல் நியூயார்க் நகர மன்றக் கூடத்திலிருந்து ஜெபர்சனின் சிலை அகற்றப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் பள்ளிக் குழு, லிங்கன், வாஷிங்டன் பெயர்கள் உட்பட 44 பள்ளிகளின் பெயரை மாற்ற வாக்களித்தது. அதற்கெனச் செய்த ஆய்வில் வரலாற்றுப் பிழைகள் மலிந்திருந்தமை வெளிப்படவே, ஏப்ரலில் அம்முடிவைத் தானே கைவிட்டது. பழைய மெய்க்கீர்த்தியைப் போலவே புதிய வசைக்கீர்த்தியும் சான்றின்றி எழுதப்படலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. பெயரைச் சூட்டும்போது வேண்டிய கவனம் பெயரை நீக்கும்போதும் வேண்டும்.

முன்னர்க் குறித்த வாஷிங்டன் நினைவுச்சின்னமும் இச்சர்ச்சைக்குத் தப்பவில்லை. அதில் லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார். அவர் காலடியில், விலங்கு அறுந்த கறுப்பினத்தவர் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். பாஸ்டன் நகரில் 1879இல் நிறுவப்பட்ட இதன் படியெடுப்புச் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. வாஷிங்டனில் உள்ள மூலச்சிலை நிலைத்தது. அச்சர்ச்சையின் நடுவில், டக்ளஸ் 1876இல் ஒரு நாளிதழுக்கு எழுதிய கடிதம் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. சிலை திறந்த சில நாளில் எழுதிய கடிதம் அது. எந்த ஒரு நினைவுச்சின்னமும் தான் கூற வந்த பொருளின் உண்மை முழுவதையும் கூறிவிட இயலாது என்பதே அதில் அவர் சொன்ன கருத்து. கறுப்பின மனிதன் மண்டியிடாது தன் கால்களில் நிமிர்ந்து நிற்கும் சிலை ஒன்றைத் தாம் இறக்குமுன் காண விரும்புவதாகவும், அப்பூங்காவிலேயே அதற்கு இடம் இருப்பதாகவும் குறித்திருந்தார். இருப்பதை உடைக்குமாறு அவர் கேட்கவில்லை; இல்லாததைச் சேர்க்குமாறு கேட்டார்.

டக்ளஸ் 1895இல் மறைந்தார். அவர் விரும்பிய சிலையை அவர் அப்பூங்காவில் காணவில்லை. 1974இல் கறுப்பினக் கல்வியாளர் மேரி மக்லியோட் பெத்யூனின் சிலை அங்கு நிறுவப்பட்டது. இரு குழந்தைகளுக்குத் தம் வாழ்வின் செல்வத்தைக் கையளிக்கும் கோலத்தில் அவர் நிற்கிறார். அப்போது லிங்கனின் சிலையைத் திருப்பி, பெத்யூனை நோக்கியவாறு அமைத்தனர்.

மறுமதிப்பீடு என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. லிங்கன் அங்கேயே நிற்கிறார். அவர் யாரைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் பின்வந்தோர் மாற்றினர். ஜெபர்சன் எழுதிய சமத்துவம் பொய்யாகிவிடவில்லை. பானக்கரும் மாடிசன் ஹெமிங்சும் அதே சொல்லைப் பற்றிக்கொண்டே நீதி கேட்டனர். கிராண்டின் புகழ் மீண்டது, கசையடி பட்டவர் சொன்ன சாட்சியம் இறுதியில் படிக்கப்பட்டமையால். எந்தச் சாட்சியைப் புதிதாக அவைக்கு அழைத்தது, அவர் சொல்லையும் மற்றவர் சொல்லையும் ஒரே கடுமையோடு சோதித்ததா என்னும் இரு கேள்விகளைக் கொண்டே ஒரு மறுவிசாரணை மெய்யானதா, வெறும் மோகமா என்பதை நாம் அறியலாம்.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் ஒரு மாநிலத்தின் பாடநூலில் ஒரு வரலாற்றையும், வீட்டில் தாத்தா பாட்டியர் வாயிலாக வேறொரு வரலாற்றையும் கேட்டு வளர்கின்றனர். இரண்டும் மோதும்போது எது சரி என்று அவர்கள் நம்மைக் கேட்பதுண்டு. உடனே விடை சொல்லிவிடாமல், இதனை யார் சொன்னார், யாரைக் கேளாமல் சொன்னார் என்று திரும்பக் கேட்கக் கற்பித்தல் நன்று. எந்நாட்டுத் தலைவரைப் பற்றிப் படிக்கும்போதும், நம் நாட்டுத் தலைவரைப் பற்றிப் படிக்கும்போதும், அக்கேள்வி அவர்களுக்குத் துணை நிற்கும்.